பதினேழு மணி நேர இருட்டு

டிராலிபஸ் பணிமனையில் இருபத்திரண்டு வருடம்
அறுநூறு வோல்ட்டோடு மல்லுக்கட்டிய கை இது.
இப்போது ஒன்றேகால் வோல்ட்டின் முன்
மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்கிறது.

ரீகாவில் டிசம்பர்.
நாலடிப்பதற்குள் சூரியன் கடையைக் கட்டிவிடும்,
காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும்,
திறந்தாலும் சரக்கு இருக்காது.

டௌகவா ஆற்றுத் தீவு. தோட்டத் துண்டுகளுக்கு நடுவே
ஒரு கால்வாய், அதன்மேல் ஒற்றைப் பலகை.
பக்கத்துத் தோட்டத்து ஹரால்ட்ஸ்
நகரத்து வீடு கைவிட்டுப் போனபின்
கருவிக் குடிசையிலேயே குளிரைக் கழிக்கிறார்.
விதிப்படி கூடாது. விதியை யார் படிக்கிறார்கள்?
விடிகாலை ஐந்துக்கு ரொட்டி ஆலைக்குப் போக
அவர் அந்தப் பலகையைத் தாண்டியாக வேண்டும்.

கடையில் எட்டு விளக்கு வாங்கி நட்டிருந்தார்.
எட்டும் எட்டு மணிக்கே தூங்கிவிட்டன.

நான் ஒன்று செய்கிறேன் என்றேன்.
தோள் குலுக்கினார். அதுவே சம்மதம்.

எல்இடி கேட்பது மூன்று வோல்ட்,
பேட்டரியிடம் இருப்பது ஒன்று புள்ளி இரண்டு.
செத்த சிஎஃப்எல் பல்பை உடைத்து
ஒரு ஃபெரைட் வளையம் எடுத்தேன்.
சிவப்பும் பச்சையுமாய் இரண்டு கம்பி, பதினோரு சுற்று.
எரியவில்லை.
ஒன்றின் தலையை மற்றதன் வாலோடு முடியவேண்டும்;
நான் தலையையும் தலையையும் முட்டவிட்டிருந்தேன்.
மாற்றி முடிந்தேன்.
டிரான்சிஸ்டர் திறந்தது, சட்டென்று மூடியது,
சுருளில் சேர்ந்ததெல்லாம் போக வழியின்றி
மூன்று வோல்ட்டாய் எகிறிக் குதித்தது.
நொடிக்கு ஐம்பதாயிரம் தடவை அணைகிறது.
கண்ணுக்கு அது தெரிவதில்லை.
கண் பெருந்தன்மையானது.

அப்புறம் கணக்கு.
மேகத்தின் கீழ் நாலு மணி நேரம்,
பத்துப் பத்து மில்லி ஆம்பியராய்ச் சொட்டினால் நாற்பது.
இருட்டு பதினேழு மணி நேரம்.
நாற்பதைப் பதினேழால் வகுத்தேன்,
இரண்டரைகூட வரவில்லை.
கடை விளக்கு மணிக்குப் பத்தை விட்ட ஊதாரி.
பேஸில் ஒரு கிலோ ஓம் இருந்த இடத்தில்
பத்துக் கிலோ ஓம் வைத்தேன்.
வெளிச்சம் உதட்டைக் கடித்துக்கொண்டு சுருங்கியது.

டையோடையும் மாற்றவேண்டியிருந்தது.
மந்தாரத்தில் தகடு தருவதே ஒன்றரை வோல்ட்;
சிலிக்கான்காரன் சுங்கச்சாவடியில் உட்கார்ந்து
அதில் புள்ளி ஏழைப் பிடுங்கிக்கொண்டால்
பேட்டரி வாசலுக்கு என்ன வந்து சேரும்?
ஷாட்கி கொஞ்சம் நியாயஸ்தன்.
புள்ளி இரண்டோடு விட்டுவிடுகிறான்.

பலகையோரம் நட்டேன்.
அன்றிரவு கோட்டின்மேல் கோட்டு போட்டு
என் குடிசையில் விழித்திருந்தேன்.
ஐந்துக்கு பூட்ஸ் சத்தம்.
நிற்கவில்லை அவர். குனிந்தும் பார்க்கவில்லை.
பலகையின் விளிம்பு மட்டும் இருட்டில்
பென்சில் கோடாய்க் கிடந்தது,
அதன் உள்பக்கமாக நடந்து போய்விட்டார்.
ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் என்று
எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

பிறகு மூன்று நாள் பனி.
நகரத்தில், சமையல் மேசையில், கணக்குப் போட்டேன்.
தகட்டின்மேல் அரைச் சாண். வரவு பூஜ்யம்.
வியாழக்கிழமையோடு அணைந்திருக்கும்.

சனிக்கிழமை போனேன்.
ஆப்பிள் மரம், மழைநீர்ப் பீப்பாய், வேலி
எல்லாம் வெள்ளைக்கு அடியில்.
விளக்கின் தலை மட்டும் துடைத்திருந்தது.
கம்பத்தில் நாலு கையுறை விரல்கள், மாவு படிந்து.
மீட்டரை வைத்தேன்: ஒன்று புள்ளி இரண்டு ஆறு.
என் தாளில் இந்த வரவுக்குக் கட்டமே போடவில்லை.

குடிசைக் கதவு திறந்தது.
"மங்கலாய்த்தான் எரிகிறது, விஸ்மா."
"ஆமாம்."
ஒரு ஜாம் பாட்டிலை நீட்டினார்.
கடிகாரமும் ரேடியோவும் தின்று துப்பிய பேட்டரிகள்.
"இதிலெல்லாம் ஏதாவது மிச்சம் இருக்குமா?"

முதலாவதை எடுத்துத் தொட்டுப் பார்த்தேன்.
புள்ளி எட்டு.
"கழிப்பறைக்குப் போகிற வழிக்குக் காணும்," என்றேன்.